சுண்ணாம்பு பட்ட கண்ணுக்குத் தண்ணீர்தான் மருந்து

இந்த வாரமும் ஒரு சிறுவன். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடியிருக்கிறான். ஓரம் பிய்ந்து கண்ணில் பீய்ச்சியடித்திருக்கிறது. வீட்டார் விளக்கெண்ணெய் விட்டார்கள், தாய்ப்பால் விட்டார்கள். வாசலில் இருந்த குழாயை மட்டும் யாரும் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் எப்போதும் வரும் அதே பதில்: “சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்குமே, டாக்டர்.” கொதிப்பது சுட்ட சுண்ணாம்பு. சூளையிலிருந்து எடுத்த கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் சூடேறிப் பொங்கி நீறும். நீறியபின் அது வேறு பொருள், கால்சியம் ஹைட்ராக்சைடு. பாக்கெட்டில் இருப்பது ஏற்கெனவே கொதித்து அடங்கியது. குழைவாக இருக்கிறதே, அந்தக் குழைவே தண்ணீர்தான்! வெள்ளையடிக்கும் இடத்தில் சுட்ட சுண்ணாம்புத் தூளே விழுந்தாலும், முகத்தில் ஒட்டியதைத் துணியால் தட்டிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். கண்ணீர் எப்படியும் அதை நீற்றத்தான் போகிறது. நிறைய ஊற்றினால் சூட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும்.

சிலர் பள்ளிப் பாடத்தை நம்பி, சுண்ணாம்பு ஒரு காரம், காரத்தை அமிலம் முறிக்கும் என்று எலுமிச்சை பிழிகிறார்கள். முறிக்கும், சோதனைக் குழாயில். கண்ணில் அந்த வினையின் வெப்பமும் அமிலத்தின் எரிச்சலும் சேர்ந்து புண்ணைக் கூட்டும்.

ஆசிட் என்றால் பதறுகிறவர்கள் சுண்ணாம்பைத் தின்பண்டமாகவே பார்க்கிறார்கள். அமிலம் மேற்பரப்புப் புரதத்தை உறையவைக்கும். அந்த உறைவே ஓரளவு தடுப்பாகும். காரமோ செல்களின் கொழுப்பைக் கரைத்து உள்ளே இறங்கும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு கண்ணீருக்குச் சுமார் 7.4, சுண்ணாம்புத் தெளிநீருக்கு 12.4. ஐந்துதானே வித்தியாசம் என்காதீர்கள். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு, ஆக காரத்தன்மை ஒரு லட்சம் மடங்கு. கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும், அதன் விளிம்பிலுள்ள ஸ்டெம் செல்கள் வெந்துபோனால், மாற்றுக் கருவிழி பொருத்தினாலும் நிலைப்பது கடினம்.

பட்ட நொடியிலேயே கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். இமையைப் பிரித்துப் பிடித்து, அரை மணி நேரம், பிள்ளை கத்தினாலும். மேலிமைக்கு அடியில் ஒட்டிய துகள் கரைந்துகொண்டே இருக்கும். இமையைப் புரட்டி அதை எடுப்பது எங்கள் வேலை. (நாங்களும் லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்துப் பார்த்து லிட்டர் கணக்கில் கழுவத்தான் போகிறோம்.) வந்ததும் டோக்கன் வாங்கி உட்காராமல், “சுண்ணாம்பு பட்டுவிட்டது” என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

தாத்தா பாட்டிகளே, வெற்றிலையை விடச் சொன்னால் கேட்கப்போவதில்லை, தெரியும். பாக்கெட்டைத் திண்ணையில் போடாமல், மூடியுள்ள டப்பாவில், பேரப்பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.