விமானத்தைத் தவறவிட்டாலும் டிக்கெட் பணம் முழுதும் போகாது: நீலகிரிக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டிய தொகை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஆட்கள் விமானம் ஏறுவது பெரும்பாலும் கோவை பீளமேட்டில்தான். ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் மலைப்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பாலம் பக்கம் மண் சரிந்தாலும், பலாப்பழ சீசனில் பர்லியார் அருகே யானைகள் ரோட்டுக்கு வந்தாலும் இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுகின்றன. அதற்குள் போய்ச் சேராவிட்டால் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே 'நோ-ஷோ' என்று விழும்.

"இது நான்-ரீஃபண்டபிள் டிக்கெட், ஒன்றும் வராது" என்று சொல்வார்கள். அதைக் கேட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். டிக்கெட்டில் ஒரு பகுதி எந்தச் சலுகைக் கட்டணமானாலும் உங்களுக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

ஏன் என்று புரிய, விமான நிலையத்தை யார் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோவை நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1995 ஏப்ரல் 1-இல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு அது. ஓடுபாதை, முனையக் கட்டடம், விளக்கு, கழிப்பறை, கார் நிறுத்துமிடம் எல்லாம் அதன் பொறுப்பு. விமானம் ஓட்டுவது அதன் வேலையில்லை. இறங்கும் விமானத்திடம் தரையிறங்கு கட்டணம், நிற்கும் விமானத்திடம் நிறுத்தக் கட்டணம், உள்ளே இருக்கும் கடைகளிடம் வாடகை, பயணியிடம் பயன்பாட்டு மேம்பாட்டுக் கட்டணம் என்று அதற்கு வருமானம் வருகிறது. கடைசியில் சொன்னதுதான் டிக்கெட்டில் 'யுடிஎஃப்' என்று அச்சாகிறது. அதை நம்மிடம் வசூலிப்பது விமான நிறுவனம். பிறகு பயணித்தவர்களின் எண்ணிக்கைப்படி ஆணையத்துக்குக் கட்டுகிறது.

நீங்கள் ஏறவே இல்லை என்றால் உங்கள் பெயரில் அது ஆணையத்துக்குப் போகத் தேவையில்லை. நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் உரிமை இல்லை.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, சிஏஆர் பிரிவு 3, தொடர் எம், பகுதி 2 என்ற விதியில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்தாலும், பயன்படுத்தாமல் விட்டாலும், நோ-ஷோ ஆனாலும் சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணம் திரும்பாத ஆஃபர் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். முக்கியமாக, ஏன் வரவில்லை என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. மண்சரிவுப் படமும் வேண்டாம், மருத்துவச் சான்றும் வேண்டாம்.

டிக்கெட்டில் கட்டண விவரம் இருக்கும் பெட்டியைத் திறந்து யுடிஎஃப், ஏஎஸ்எஃப் என்ற இரண்டு பெயர்களை முதலில் தேடுங்கள். ஏஎஸ்எஃப் என்பது பாதுகாப்புக் கட்டணம். பிஎஸ்எஃப் என்ற பழைய பயணியர் சேவைக் கட்டணத்தின் பாதுகாப்புப் பகுதிக்குப் பதிலாக 2019 ஜூலை 1 முதல் வந்தது. உள்நாட்டுப் பயணத்துக்கு 2021 ஏப்ரல் முதல் 200 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 236. கணக்குக்காக யுடிஎஃப் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 736, நான்கு பேர் குடும்பத்துக்கு 2,944 ரூபாய். தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. இணையத்தில் டிக்கெட் போடும்போது பிடிக்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் இந்தக் கணக்கில் சேராது.

கேட்பது எப்படி? முதலில் நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பி.என்.ஆர். எண்ணைப் போட்டு ரீஃபண்ட் பக்கம் போங்கள். சில நிறுவனங்களில் நோ-ஷோவுக்கென்றே தனிப் படிவம் இருக்கும். இல்லாவிட்டால் மின்னஞ்சல். நான்கு வரி போதும்: "பி.என்.ஆர். இன்னது. இன்ன தேதி கோவை–சென்னை விமானத்தில் நாங்கள் நால்வரும் பயணிக்கவில்லை. சிஏஆர் பிரிவு 3, தொடர் எம், பகுதி 2-இன்படி யுடிஎஃப், ஏஎஸ்எஃப் உள்ளிட்ட தொகையைப் பணம் செலுத்திய அதே கணக்குக்கு அனுப்பவும். கிரெடிட் ஷெல் வேண்டாம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கிரெடிட் ஷெல், அதாவது பணத்தை அடுத்த பயணத்துக்கான இருப்பாக வைத்துக்கொள்வது, பயணி விரும்பினால் மட்டுமே. நிறுவனம் தானாக அப்படிப் போட்டுவிட முடியாது. ரீஃபண்டுக்கென்று தனியாகச் செயல்முறைக் கட்டணம் பிடிக்கவும் விதி இடம் தரவில்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 நாளுக்குள் வரவு வைக்க வேண்டும்.

பணம் சிக்கிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் டிராவல்ஸில் டிக்கெட் போட்டிருந்தால் பணம் ஏஜென்ட் கணக்குக்குத்தான் திரும்பும். "கம்பெனி தரவில்லை" என்று அங்கே ஒரு பதில் வரலாம். ஏஜென்ட் நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால், பணத்தைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். இருவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். இன்னொன்று, முந்தின நாளே வெப் செக்-இன் செய்தவர்கள். செக்-இன் ஆன டிக்கெட்டை ரத்து செய்யப் போனால் பல செயலிகள் ஏற்காது. செக்-இன்னை நீக்கிவிட்டுத்தான் ரத்துக்குப் போக வேண்டும்.

மலையில் இருக்கும்போதே நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்துவிட்டால் நோ-ஷோ ஆகும்வரை காத்திருக்காதீர்கள். புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்புவரை தேதி மாற்றவோ ரத்து செய்யவோ வழி இருக்கும். அந்த நேர எல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கிளம்பும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைக்குள் ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணத்திலும் ஏதாவது மிஞ்சலாம். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. பர்லியார் இறக்கத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே குன்னூரிலேயே முடிவெடுப்பது நல்லது. ரோடு நிலவரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கோடை சீசனில் குன்னூர் ரோடு ஏறுவதற்கும் கோத்தகிரி ரோடு இறங்குவதற்கும் என ஒருவழியாக்கும் நாட்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் கணக்கு வேறு. மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூடுபனி, புயல் போன்ற காரணம் என்றால் இழப்பீடு மட்டும் கிடையாது. பணம் அப்போதும் திரும்ப வேண்டும்.

பதில் வரவில்லையா? ஒவ்வொரு நிறுவனமும் புகாரைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி விவரத்தைத் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர்களுக்கு எழுதிய பிறகு மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதியுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது: டிக்கெட் பணத்துக்காக விமான நிலைய இயக்குநருக்கு மனு எழுதுவார்கள். சக்கர நாற்காலிப் பாதை, கழிப்பறை, பார்க்கிங் போன்றவற்றுக்குத்தான் அவர். டிக்கெட் பணத்துக்கு நிறுவனத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் ஊட்டியிலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. டிக்கெட், கட்டண விவரப் பக்கம், பணம் கட்டிய ரசீது, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், வந்த பதில் ஆகியவற்றின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். பதிலே வரவில்லை என்றால், அனுப்பிய தேதி தெரியும் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள்.