வர்த்தமானி வந்த பிறகு பாராளுமன்றம் என்ன செய்கிறது?

2021 மே 6 ஆம் திகதி வெளியான 2226/48 இலக்க அதிவிசேட வர்த்தமானியை அம்பாறை மாவட்டத்து வெள்ளாமைக்காரர்கள் இலேசில் மறக்க மாட்டார்கள். இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது அதுதான். அதற்காகப் புதிதாக எந்தச் சட்டமூலமும் வரவில்லை. 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு) சட்டம் அமைச்சருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த அதிகாரமே போதுமாக இருந்தது. நவம்பரில் தடையை எடுத்தபோது சம்மாந்துறைப் பக்கம் பெரும்போக விதைப்புக் காலம். எடுத்ததும் இன்னொரு வர்த்தமானிதான்.

சட்டம் ஆக்குவது பாராளுமன்றத்தின் வேலை. அந்த அதிகாரத்தை அது வேறு யாருக்கும் தாரைவார்க்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 76 ஆம் உறுப்புரை. ஆனால் சட்டத்தின் நோக்கங்களை நிறைவேற்றத் தேவையான ஒழுங்குவிதிகளை ஆக்கும் பொறுப்பை அமைச்சரிடமோ வேறொரு அமைப்பிடமோ விடலாம் என்று அதே உறுப்புரை வழியும் விடுகிறது. எந்த வலைக்குத் தடை, எந்தப் பொருளுக்கு இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டும், சீனிக்கு எவ்வளவு வரி என்பதெல்லாம் இந்த வழியால்தான் வருகின்றன. 2020 ஒக்டோபரில் சீனி கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு ஒரே நாளில் 25 சதமாக இறங்கியதும் 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு கட்டளையால்தான்.

சரி, பாராளுமன்றம் இதை எங்கே பார்க்கிறது? பெரும்பாலும் காரியம் நடந்த பிறகுதான். வர்த்தமானியில் வந்த நாளிலிருந்தே ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்துவிடும். அப்புறம் அது சபையில் சமர்ப்பிக்கப்படும். துறைசார் மேற்பார்வைக் குழு அதைப் பரிசீலிக்கலாம். வரி, நிதி சம்பந்தப்பட்டதென்றால் அரசாங்க நிதி பற்றிய குழு பார்க்கும். பிறகு அங்கீகாரம் கோரும் பிரேரணை, சபையின் அன்றைய வேலைப்பட்டியலான ஒழுங்குப்பத்திரத்தில் ஏறி விவாதத்துக்கு வரும். பல வேளைகளில் நாலைந்து ஒழுங்குவிதிகளை ஒன்றாகக் கட்டி ஒரே நாளில் விவாதிப்பார்கள். எம்.பி.க்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பேசி முடிக்கையில் அந்த நாலில் ஒன்றைப் பற்றியாவது ஒரு சொல் வந்திருந்தால் பெரிய விஷயம். பொதுவாக ஒன்று ஏற்கலாம், இல்லை நிராகரிக்கலாம். வாசகத்தில் கை வைத்துத் திருத்துவது வழக்கமில்லை.

நிராகரித்தாலும் என்ன ஆகும் என்பதைக் கவனியுங்கள். நம் வாவி மீனவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தை எடுப்போம். அங்கீகாரம் கிடைக்காத ஒழுங்குவிதி, நிராகரித்த திகதியிலிருந்துதான் இரத்து. அதற்கு முன் அதன் கீழ் செய்தவை செல்லும். வாழைச்சேனையில் ஒருவர் கட்டிய தண்டப் பணம் இதனால் திரும்பி வராது. எப்போது சபைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்கும் அந்தச் சட்டம் நாள் குறிக்கவில்லை. வசதியானளவு விரைவில் என்றுதான் சொல்கிறது. யாருடைய வசதி என்று கேட்கக் கூடாது போலும்.

அவசரகால நிலைப் பிரகடனம் இதற்கு நேர்மாறு. அப்பிரகடனத்தைப் பாராளுமன்றம் 14 நாட்களுக்குள் அங்கீகரிக்காவிட்டால் அது தானாகவே காலாவதி ஆகிவிடும். கடிவாளம் போட வேண்டும் என்று நினைத்த இடத்தில் போட முடிந்திருக்கிறது.

ஒரு வர்த்தமானியை நீங்களே தொடர்ந்து பார்க்க விரும்பினால் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதன் தமிழ்ப் பிரதியைத் தேடுங்கள். 2226/48 என்பதில் முதல் எண் அந்த வாரத்து வர்த்தமானியின் எண், கோட்டுக்குப் பின்னால் உள்ளது அந்த வாரத்தில் வந்த அதிவிசேட இதழின் வரிசை எண். தலைப்புக்குக் கீழே எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் ஆக்கப்பட்டது என்று இருக்கும். அந்த வரிதான் முக்கியம். தாய்ச் சட்டத்தை எடுத்து அந்தப் பிரிவைப் படித்தால் பாராளுமன்ற அங்கீகாரம் தேவையா, அதற்குக் கால எல்லை உண்டா என்பது தெரிந்துவிடும். பிறகு பாராளுமன்ற இணையத்தளத்தில் ஒழுங்குப்பத்திரங்களையும் ஹன்சாட்டையும் (சபையில் பேசியவற்றின் பதிவு) தேடி மூன்று திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வர்த்தமானியில் வந்தது, சபையில் வைத்தது, அங்கீகரித்தது. முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் எத்தனை மாதம் என்று எண்ணினாலே மேற்பார்வையின் தரம் விளங்கும்.

எல்லா வர்த்தமானியும் இந்த வழியால் போவதில்லை. கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்காக 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணியை நியமித்த வர்த்தமானி, அரசியலமைப்பின் 33 ஆம் உறுப்புரையின் கீழ் வந்தது. எந்தச் சட்டத்தின் கீழும் ஆக்கிய ஒழுங்குவிதி அல்ல. ஆகவே அதற்கு அங்கீகாரப் பிரேரணையை ஒழுங்குப்பத்திரத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

திகதிகள் அகப்படாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிய அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். பாதிப்பு உங்களுக்கே என்றால் பாராளுமன்றம் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது; அமைச்சரின் ஒழுங்குவிதியைக் கேள்விக்குட்படுத்தலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம்.