புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சி: எதில் தொடங்குவது?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடித்து ஃபிசியோதெரபிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், வாக்கிங் எப்போ போகலாம்?" என்பதுதான். வாக்கிங் மருத்துவமனையிலேயே தொடங்கிவிடும். பெரும்பாலானவர்களை மறுநாளே, டியூப் வழியாகச் சிறுநீர் சேரும் பையைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் நடக்க வைப்போம். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம்.

அதற்குப் பிறகும் வீட்டிலேயே முடங்குபவர்களுக்கு வலியைவிடச் சிறுநீர்க் கசிவுதான் பெரிய தடை. டியூப் எடுத்ததும், இருமினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் சொட்டுகிறது. வெளியே போனால் வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயம். மனைவிக்குத் தெரியாமல் பேடை மாற்றுகிறவர்களும் உண்டு. சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை எரிச்சலாகி அவசரம்தான் கூடும்.

புராஸ்டேட் இருப்பது சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டி. அதை எடுக்கும்போது அங்குள்ள அடைப்புத் தசையும் பாதிக்கப்படும். இனி சிறுநீரைப் பிடித்து வைக்கும் வேலை, கீழே இருக்கும் வளையத் தசைக்கும் அடியிலிருந்து சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கும்தான். ஆகவே முதல் பயிற்சி இவற்றுக்கு. டியூப் எடுத்த பிறகு, டாக்டர் சரி என்றதும் ஆரம்பிக்கலாம். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதாக நினைத்து இறுக்குங்கள். கண்ணாடி முன் நின்றால் ஆணுறுப்பின் அடிப்பகுதி உள்ளே இழுபடுவதும் விரைப்பை சற்று எழும்புவதும் தெரியும். 5 விநாடி பிடித்து, முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 முறை, தினம் மூன்று வேளை. மூச்சைப் பிடிப்பதும் பிட்டத்தை இறுக்குவதும் பலர் செய்யும் தவறு. நிஜமாகவே சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். இருமல் வருகிறதா, எழப் போகிறீர்களா, அதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொள்ளுங்கள்.

மாலையில் கசிவு அதிகமானால் பயந்துவிடாதீர்கள், தசை களைத்துப் போயிருக்கும். நடைப்பயிற்சியைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். பலருக்குக் கசிவு படிப்படியாகக் குறையும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

"ரோபோ சர்ஜரிதானே, சின்ன ஓட்டைதானே" என்று மூன்றாவது வாரமே ஜிம்முக்குக் கிளம்புகிறவர்களிடம்தான் எனக்குப் பெரிய பாடு. உள்ளே சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். வெளித்தழும்பை வைத்து அதை எடைபோட முடியாது. பொதுவாக 6 வாரம் வரை கனமான எதையும் தூக்க வேண்டாம். காலி கேஸ் சிலிண்டரே 15 கிலோ வரும், அதையும் தொடாதீர்கள். சைக்கிள், பைக், கபாலபாதி எல்லாம் அப்புறம். மலச்சிக்கலில் முக்குவதும் பளு தூக்குவது மாதிரிதான்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தக்கட்டி, சிறுநீர் அடைத்துக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசியும் போடுகிறவர்களுக்கு நடை மட்டும் போதாது. அந்த மருந்து தசையையும் எலும்பையும் கரைக்கும். தையல் ஆறிய பிறகு வாரம் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி தேவை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த அசைவு, எவ்வளவு எடை என்பதை ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வரும்போது ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.