பாதி மட்டும் பச்சையான ஏரி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் காட்டுக்குள் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. அதற்குப் பெயர் இல்லை, 226 என்ற எண் மட்டும்தான். 1973இல் ஏரிகளை ஆராய்ந்த அறிவியலாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அதன் இடுங்கிய நடுப்பகுதியில் வினைல் திரை கட்டி, ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் கலந்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி பிடித்துப் பச்சையானது. திரைக்கு அந்தப் பக்கம் நீர் பழையபடி தெளிந்தே கிடந்தது. ஏரிகளில் பாசி பெருகக் காரணம் சலவைத்தூளிலுள்ள பாஸ்பரஸ் அல்ல என்று, சலவைத்தூள் நிறுவனங்கள் கரிமத்தின்மேல் பழிபோட்டுக்கொண்டிருந்த காலம் அது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படத்துக்கு முன்னால் அந்த வாதம் நிற்கவில்லை.

பாஸ்பரஸுக்கு ஏன் இத்தனை வலிமை? பாசி வளர, சராசரியாக 106 கரிம அணுக்களுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் ஒரே ஒரு பாஸ்பரஸ் அணுவும் வேண்டும். கரிமம் காற்றிலிருந்து நீரில் கரைந்துவிடும். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் அப்படிக் கிடைக்காது. பாறையும் மண்ணும் சிறுகச் சிறுகத் தந்தால்தான் உண்டு. பாசிக்குக் கடிவாளம் அதுதான். வயல் உரமும் சாக்கடையும் வந்து சேரும்போது அது அறுந்துவிடுகிறது.

செத்த பாசி அடியில் படிகிறது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. கோடையில் சூடான மேல்நீர் குளிர்ந்த அடிநீரோடு கலப்பதில்லை என்பதால், புது ஆக்சிஜன் கீழே இறங்க வழியில்லை. மீன்கள் சாகின்றன. என்னை அதைவிடக் கலங்கவைப்பது அடுத்து நடப்பதுதான். ஆக்சிஜன் உள்ளவரை சேற்றிலுள்ள இரும்புத் துரு பாஸ்பரஸைப் பிடித்துவைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைந்து, பிடி தளர்கிறது. எப்போதோ வந்து படிந்த பாஸ்பரஸ் மறுபடி நீரில் ஏறுகிறது. கழிவுநீர் வரத்தை இன்றே நிறுத்தினாலும் பல ஏரிகள் தேற ஆண்டுக்கணக்கில் ஆவது இதனால்தான்.

அமெரிக்காவும் கனடாவும் 1972இல் ஒப்பந்தம் செய்து, சலவைத்தூளிலும் சாக்கடையிலும் பாஸ்பரஸைக் குறைத்தன. இரு நாடுகளின் எல்லையிலுள்ள ஈரி ஏரி தெளிந்தது. ஆனால் 1990களின் நடுவிலிருந்து பாசி திரும்பிவந்தது. இம்முறை அந்த ஏரியில் கலக்கும் மௌமி ஆறு வயல்களின் உரத்தைச் சுமந்துவந்து கொட்டியது. 2014 ஆகஸ்டில், ஈரி ஏரியின் நீரைக் குடிக்கும் அமெரிக்காவின் டொலிடோ நகரிலும் சுற்றுப்புறத்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம், குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சான மைக்ரோசிஸ்டின் அதில் கலந்திருந்தது. காய்ச்சிக் குடியுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு அழியாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.