ஐப்பசியில் கமராவோடு வட்டைக்குப் போவோருக்கு

குளிர்நாடுகளின் இலையுதிர்காலப் படங்களைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் எடுப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று என்னிடம் பயில வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. அங்கே பச்சையம் சிதைந்து இலைகள் சிவக்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மட்டக்களப்பில் மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்துக்கு விதைக்கிறார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த அந்தக் காலத்துக்கு நம் மரபு கூதிர் என்று பெயரிட்டிருக்கிறது. காய்ந்து வெளிறிக் கிடந்த வட்டை எனும் வயல்வெளி, உழவு மண்ணின் கருமையாகி, வானத்தை ஏந்திய நீர்ப்பரப்பாகி, சில வாரங்களில் இளம்பச்சையாகிவிடுவதால், தெரிந்த ஒரே வரம்பில் நின்று கிழமைக்கு ஒரு படம் எடுத்தாலே ஒரு பருவம் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

ஒளியின் திசையை நம் முன்னோர் ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. காலையில் படுவான்கரையின் அம்பிளாந்துறையில் நின்றால் சூரியன் வாவிக்கு அப்பால் எழும். மாலையில் எழுவான்கரையின் குருக்கள்மடத்துத் துறையில் நின்றால் அதே நீருக்கு அப்பால் மறையும். செப்டெம்பர் பிற்பகுதியில் நேர்கிழக்கில் உதிக்கும் சூரியன், டிசம்பர் பிற்பகுதிக்குள் ஏறத்தாழ 24 பாகை தெற்கே விலகிவிடும் என்பதால், இந்தக் கிழமை பனைக்கு நேரே எழுந்த சூரியனை அடுத்த மாதம் அதே இடத்தில் தேடக்கூடாது. நீரில் வானம் விழுந்திருக்கும்போது தெறிப்பொளியைக் குறைக்கும் துருவமுனைவு வடிகட்டியை முழுதாகத் திருப்பினால், நாம் தேடிப்போன அந்தப் பிம்பமே மங்கிவிடும்.

மிகவும் கவலையோடு எழுத வேண்டியது மின்னலைப் பற்றி. பருவப்பெயர்ச்சி மழைக்கு முந்திய இந்த வாரங்களில் பிற்பகலில் திரளும் இடிமுகில்கள்தான் ஆண்டிலேயே அழகானவை, அவைதான் ஆபத்தானவையும். வெல்லாவெளிப் பக்கம் ஒரு வட்டையில் முக்காலியை ஊன்றி முகிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, மின்னலுக்கும் இடிக்கும் இடையில் பத்துவரை எண்ண முடிந்தது. ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய மூன்று வினாடிகள் ஆகும். அப்படியானால் மின்னல் விழுந்தது மூன்றரைக் கிலோமீற்றருக்குள். மருதமரத்தை நோக்கி நடந்த என்னை, வரம்பில் நீர் பாயும் வாயான வக்கடையைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் தடுத்தார்: "மரத்தடிக்குப் போகாதீங்க தம்பி, றோட்டுக்குப் போய் வாகனத்துக்குள்ள இருங்க." அவர் சொன்னதே சரி. வெட்டவெளியில் நாமும் முக்காலியும்தான் உயர்ந்து நிற்கிறோம். தனிமரமும், வயற்குடிசையான ஓலைவாடியும் காப்பாற்றா. மின்னலுக்குப் பின் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வீட்டுக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை வெளியே வரக்கூடாது.

விதைத்த மண்ணில் கால்வைத்தால் முளை அழியும், ஈர வரம்பின் ஓரம் மிதித்தால் உடைந்து நீர் வடியும். படுவான்கரையில் பொழுதுபட்டால் யானை இறங்கும் வட்டைகளும் பல. ஆகவே வாடியில் இருப்பவரிடம் முதலில் பேசி, எந்த வரம்பால் போகலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கேட்ட பிறகே நான் கமராப் பையைத் திறக்கிறேன்.