இரண்டு படங்களை வைத்துக் காட்டை எடைபோடாதீர்கள்

பச்சைப் பசேலென்று ஒரு மலை, பக்கத்திலேயே அதே மலை பழுப்பேறிப்போய். காட்டை அழித்துவிட்டார்கள் என்று ஒரு வரி. செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது என் வேலை என்பதால், இப்படிப்பட்ட இரட்டைப் படங்களை அனுப்பி உண்மையா என்று கேட்பவர்கள் நிறைய பேர். நான் முதலில் கேட்பது தேதியைத்தான்.

அப்படி வந்த ஒன்றில் முதல் படம் மழை ஓய்ந்த கையோடு எடுத்தது. மற்றது கடும் கோடையில் எடுத்தது. அது இலையுதிர் காடு. கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்பது அதன் இயல்பு. அடுத்த மழைக்குப் பிந்தைய படத்தைத் திறந்தேன். பழைய பச்சை அப்படியே திரும்பியிருந்தது.

பச்சையை நாங்கள் கண்ணால் அளப்பதில்லை. நல்ல இலை சிவப்பு ஒளியை ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் அகச்சிவப்பிலிருந்து திரும்பி வரும் சிவப்பைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்டிவிஐ (NDVI) என்ற பசுமைக் குறியீடு. -1 முதல் +1 வரை போகும். அடர்ந்த காடு 0.8 பக்கம் இருக்கும், வெறும் மண் 0.1-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் அந்தப் பச்சை காடா, பயிரா, களையா என்பதை இந்த ஓர் எண் சொல்லாது. மெல்லிய மேகம் ஒன்று குறுக்கே வந்தாலே மதிப்பு இறங்கிவிடும்.

இயற்கையின் பங்கு என்று பார்த்தால், வறண்ட பகுதிகளில் முதல் இடம் மழைக்குத்தான். அதுவும் உடனே தெரியாது. புல் சில வாரங்களில் துளிர்க்கும்; ஆழமாக வேர்விட்ட மரம் நிதானமாகத்தான் பதில் சொல்லும். அதனால் இந்த மாதப் பச்சையை முந்தைய ஒன்று முதல் மூன்று மாத மழையோடு சேர்த்துப் பார்க்கிறோம். ஒரே மழை பெய்தாலும் மணல் நிலமும் களிமண் நிலமும் ஒரே மாதிரி பசுமையாவதில்லை. வெயில் படாத சரிவில் ஈரம் அதிக நாள் தங்கும்.

ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிய வறண்ட சாஹேல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களிலும் 80களிலும் கடும் வறட்சி. சஹாரா பாலைவனம் தெற்கே ஊர்ந்து வருகிறது, இனி திரும்பாது என்ற பயம் பரவியது. ஆண்டு ஆண்டாகச் செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. 1984 வரை தெற்கே இறங்கிய பாலைவன எல்லை, 1985-இல் மழை தேறியதும் வடக்கே பின்வாங்கியது. 1980-ஐயும் 1984-ஐயும் மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது.

சரி, மனிதர் செய்த சேதத்தை எப்படிப் பிரித்தெடுப்பது? பல ஆண்டு மழைக்கும் பச்சைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, இவ்வளவு மழைக்கு இவ்வளவு பச்சை இருக்க வேண்டும் என்று கணிப்போம். உண்மையில் உள்ளதிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். அந்த மிச்சம் வருடாவருடம் குறைந்துகொண்டே போனால் கவலைப்பட வேண்டும். அதிலும் காட்டுத்தீ, பூச்சித் தாக்குதல், புயல் எல்லாம் கலந்திருக்கும் என்பதால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் தேவையில்லை. 1972-இல் தொடங்கிய அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையின் படங்கள் 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம்தான், 10 மீட்டர் வரை துல்லியத்தில் கிடைக்கின்றன.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மழையைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளவும், பச்சை கூடினாலே நிலம் நன்றாக இருக்கிறது என்று சாதிக்கவும் இதே படங்கள் உதவும். ஒரு மேய்ச்சல் நிலத்தில் என்டிவிஐ தொடர்ந்து ஏறிக்கொண்டே போனது. வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகு. நேரில் போனேன். புல் இருந்த இடமெல்லாம் முள்புதர் மண்டிக் கிடந்தது. மாடுகள் அந்தப் பச்சைக்கு நடுவே தரையில் எஞ்சிய புல்லைத் தேடிக்கொண்டிருந்தன.