பனிக்காடு வரைகிறீர்களா? வெள்ளை ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

பனி மூடிய காட்டை ஆயில் பெயின்டில் வரையும்போது கேன்வாஸில் பாதிக்கு மேல் வெள்ளைதான் போகும். அதனால் இந்த வகைப் படங்களின் கோளாறுகள் பெரும்பாலும் வெள்ளையில்தான் தொடங்குகின்றன. படம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் தட்டையாகத் தெரிவதும், சில வருடம் கழித்து வெடிப்பதும், மஞ்சளாகிப்போவதும் இதில் அடக்கம்.

முதலில் ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே வெள்ளை நிறமியின் குறியீடு இருக்கும். பி.டபிள்யூ. 6 (PW6) என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் ஜிங்க், பி.டபிள்யூ. 1 என்றால் ஈயம். முன்பக்கம் 'டைட்டானியம் ஒயிட்' என்று போட்டிருந்தாலும் பின்னால் 6-உம் 4-உம் சேர்ந்தே இருப்பது சகஜம். ஜிங்க் ஆக்சைடு, எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து சோப்பு போன்ற சேர்மமாக மாறுகிறது. பெயின்ட் படலம் விறைத்து நொறுங்கும், மேல் அடுக்கு செதில் செதிலாகக் கழலும். அடி அடுக்கில் ஜிங்க் வெள்ளை வேண்டவே வேண்டாம். ஈய வெள்ளை நெகிழ்வானது, சீக்கிரம் காயும். ஆனால் அது விஷம். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வாங்கவே கூடாது. பி.டபிள்யூ. 6 மட்டும் உள்ள ட்யூபே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது நிறம். பனியை நேரில் பார்க்காமல் போட்டோவை வைத்து வரைபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். காட்சி முழுக்கப் பளிச்சென்று இருந்தால் ஆட்டோ மோடில் வைத்த கேமரா அதை நடுத்தரச் சாம்பலை நோக்கி இழுத்துவிடும். அதை அப்படியே நகலெடுத்தால் பனி அழுக்காகத் தெரியும். போட்டோவில் எது எதைவிட இருட்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை நீங்களே கலக்குங்கள்.

வெயில் பட்ட பனிக்கு, நெல்லிக்காய் அளவு வெள்ளையில் மிளகளவு யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). நிழலுக்கு, அதே அளவு வெள்ளையில் பட்டாணியளவு அல்ட்ராமரின் நீலம், மிளகளவு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). சியன்னா சேர்க்காவிட்டால் நீலம் அடங்காமல், பொம்மைக் கடை நீலமாக நிற்கும். எதுவும் கலக்காத வெள்ளை, கடைசியில் வைக்கும் நாலைந்து பொட்டுகளுக்கு மட்டும்.

நிழல் ஏன் நீலம்? மரம் சூரியனை மறைத்த இடத்தில் வானத்தின் ஒளி மட்டும்தான் விழுகிறது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1868-69-இல் பிரான்சின் எத்ரதா ஊர்ப்பக்கம் வரைந்த 'மேக்பை' படத்தில் வேலியின் நிழல் நீலமாகப் பனியில் சாய்ந்து கிடக்கிறது. 1869-இல் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் அதை நிராகரித்தது. இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேகம் மூடிய நாளில் இந்த நீல நிழல் கிடையாது. மேக வானத்தை வரைந்துவிட்டு, கீழே நீல நிழல் கோடுகளை இழுப்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வெயில் நாளிலும் நிழலின் விளிம்பு அடிமரத்தருகே கூர்மையாகவும், தள்ளிப்போகப் போக மங்கலாகவும் இருக்க வேண்டும். தரை மேடுபள்ளத்தோடு நிழலும் ஏறி இறங்கட்டும். பனியின் கனம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வடக்கு ஐரோப்பியக் காடென்றால் பிர்ச் மரம் வரும். அதன் பட்டை வெள்ளை என்று நினைத்து வெள்ளையை அப்பாதீர்கள். அது இளம் கிரீம் சாம்பல். வெயில் பனியின் முன்னால் அது இருட்டாகத் தெரியும். அதே தண்டு பின்னாலுள்ள கரும்பச்சை ஸ்ப்ரூஸ் மரத்தின் முன் வரும்போது வெள்ளையாக மின்னும். பெயின்டை மாற்றவே தேவையில்லை, பின்னணி அந்த வேலையைச் செய்துவிடும். குளிர்காலக் கடைசியென்றால் வெயிலில் சூடேறும் அடிமரத்தைச் சுற்றிப் பனி உருகி, சின்னக் கிண்ணம் மாதிரி குழி விழுந்திருக்கும். அதைச் சேர்த்தால் மரம் தரையில் ஒட்டவைத்ததுபோல் இருக்காது.

இனி எல்லோரும் அவசரப்படும் இடம், சுள்ளிகள். தடித்த வெள்ளை இன்னும் உள்ளே ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் அம்பர் பழுப்பில் ரிக்கர் பிரஷ்ஷால் (நீண்ட மெல்லிய முடியுள்ள தூரிகை) கோடு இழுப்பார்கள். அம்பரில் மாங்கனீசு இருக்கிறது, ஓரிரு நாளில் காய்ந்துவிடும். கீழேயுள்ள வெள்ளையோ குசும்பா எண்ணெயில் அரைத்ததாக இருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். மேலே காய்ந்த தோல், கீழே நகரும் பெயின்ட். சில மாதம் கழித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுள்ளியும் குறுக்கே துண்டு துண்டாக வெடித்திருக்கும். சுள்ளி வரும் இடத்தில் பனியை மெல்லிசாகப் பூசுங்கள். விரல் ஒட்டாத வரை காத்திருங்கள். அம்பருக்குப் பதில் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த கருமையை எடுங்கள். டர்பன்டைன் மட்டும் விட்டு நீர்க்கவைத்தால் பெயின்டைப் பிடித்துவைக்க எண்ணெய் போதாது. அதனால் ஓரிரு சொட்டு ஆளிவிதை எண்ணெயும் சேருங்கள்.

முடிந்த படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியோ பீரோவுக்குள்ளோ வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் அதிகம் மஞ்சளாகும், பனியில் அது உடனே தெரியும். வெளிச்சமான அறையில், நேர் வெயில் படாமல் காயவிடுங்கள். அப்படி மஞ்சளானதும் வெளிச்சத்தில் ஓரளவு வெளுக்கும். தடிப்பாகப் பூசிய படத்துக்கு வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. காயும்போது அது சூடேறும். சுருண்டிருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். வெளியே கல்தரையில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் அமுக்கி வையுங்கள். வாசனையில்லாத தின்னர் என்று விற்பதும் ஆவியாகத்தான் செய்யும், ஜன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்யுங்கள்.